கம்பெனியின் கையிருப்பு நிலம்

ஒரு வீடு கட்டும் கம்பெனியின் பங்கை வாங்கலாமா, வேண்டாமா என்று பார்க்கப் போன இடத்தில்தான் ஒரு மனிதர் அடிபட்டுச் சாவதை நான் நேரில் கண்டேன்.

அடி என்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக, இளவயதில், மிராசுதாரின் களத்துத் தென்னையில் கட்டிவைத்து அடிக்கப்பட்டவர் என் அப்பா. அவர் முதுகில் அந்தச் சவுக்கின் தடம் வரப்பு மாதிரி குறுக்கே ஓடும். அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்சிகள் மாறின. குத்தகைக்காரர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. எங்கள் தெருவுக்குத் தார்ச்சாலையும் மாடி வைத்த பள்ளிக்கூடமும் வந்தன. நான் பி.காம். முடித்து, மயிலாடுதுறையில் ஒரு பங்குத் தரகரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்களுக்கு எந்தப் பங்கை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

எங்களிடம் வந்தவர்களில் ஒருவர், ஷார்ஜாவில் நெடுங்காலம் மளிகைக் கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த பாய். மற்றவர்கள் 'எவ்வளவு ஏறும்' என்று கேட்பார்கள். அவர் வேறு மாதிரி கேட்பார்.

"வட்டி எங்களுக்கு ஆகாது தங்கச்சி. லாபமோ நட்டமோ, தொழில்ல பங்குன்னா ஆகும். ஆனா அந்தத் தொழில் சுத்தமா இருக்கணும். அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒருநாள் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். டெல்டாவில் பல ஊர்களில் வீட்டு மனை போட்டு, வீடும் கட்டித் தருகிற கம்பெனி. உள்ளூர் டி.வி.யில் அதன் விளம்பரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சாராயம் இல்ல, சூது இல்ல. வீடு கட்டுறது நல்ல தொழில்தானே?" என்றார் பாய்.

நல்ல தொழில்தான். ஆனால் அப்படிப்பட்ட கம்பெனியை எடைபோட லாபத்தை மட்டும் பார்த்தால் போதாது. கட்டுவதற்கு முன்பே எத்தனை வீடுகள் விலைபோயிருக்கின்றன, கழுத்தில் எவ்வளவு கடன் தொங்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, இனிக் கட்டக் கையில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனிக்குக் கடன் அதிகமில்லை. விற்பனையும் மோசமில்லை. நிலமோ ஏராளம். தங்கள் கையிருப்பு நிலத்தில் பெரும்பகுதி காவிரிப் பாசனப் பகுதியில் இருப்பதாக ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தார்கள். அத்தனை நிலத்துக்கும் சந்தை விலை போட்டால், பங்கு பாதி விலைக்குக் கிடைப்பது போலத் தெரிந்தது.

எனக்கு அதுதான் உறுத்தியது. ஒரு பங்கு மலிவாகக் கிடைத்தால் ஒன்று, அதை யாரும் இன்னும் கவனிக்கவில்லை. இல்லையென்றால், கவனித்தவர்கள் எல்லாம் விலகிப் போயிருக்கிறார்கள்.

நான் இதைச் சொன்னதும் பாய் சிரித்தார். "நிலம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? பஸ்ஸு போற தூரம். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துருவோம். எங்க வீட்டுலயும் கூட்டிக்கிட்டு வரேன்."

மார்கழி மாதம். பாய் வேனை ஓட்ட, அவர் மனைவி வெள்ளைத் துப்பட்டி போர்த்தி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். பனி விலகி வெயில் ஏறும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சாலையோரம் பெரிய வளைவு கட்டி, வண்ணக் காகிதக் கொடிகள் தோரணமாக விட்டிருந்தார்கள். உள்ளே மாதிரி வீடு ஒன்று. கட்டில், சோபா, மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள். வீட்டுக்குப் பின்புறம் நீலத் தகர வேலி. வேலியோரம் கட்சிக்கொடி கட்டிய இரண்டு ஜீப்புகள் நின்றன. அவற்றில் உட்கார்ந்திருந்த ஆட்கள் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கழுத்தில் டை கட்டிய விற்பனைப் பையன்கள் பலபேரை நான் பார்த்திருக்கிறேன். இங்கே எங்களை வரவேற்ற விற்பனைக்காரருக்கு வயது முப்பது இருக்கும், கும்பகோணத்துப் பக்கத்துப் பேச்சு. நல்ல மரியாதையாகப் பேசினார்.

"அந்தப் பனைமரம் வரைக்கும் நம்ம இடம்தாங்க மேடம். அடுத்த கட்டம் அங்கதான் வருது."

தகர வேலியின் இடைவெளி வழியாகப் பார்த்தேன். பனைமரம் வரைக்கும் சம்பா நின்றது. கதிர் பால் பிடித்து, தலை சாயத் தொடங்கியிருந்தது.

"பயிர் நிக்குதுங்களே?" என்றேன்.

"பழைய குத்தகைக்காரங்க. நிலத்துக்காரரு மெட்ராஸ்ல இருக்காரு, நமக்கு வித்துட்டாரு. இவங்கதான் காலி பண்ண மாட்டேங்குறாங்க. இன்னைக்கு எல்லாம் சரியாயிடும்ங்க."

"இன்னைக்கா?" என்றார் பாய்.

டீ கொண்டுவரச் சொல்கிறேன் என்று விற்பனைக்காரர் உள்ளே போனார். மனைவியை வேனில் இருக்கச் சொல்லிவிட்டு, பாயும் நானும் வேலியைச் சுற்றிக்கொண்டு வரப்புக்குப் போனோம்.

வரப்பில் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். அந்தம்மாளுக்கு என் அம்மா வயது இருக்கும். இடுப்பில் கருக்கரிவாள், புல் அறுக்க வந்த கோலம். கணவர் ஒடிசலானவர், வேட்டியை மடித்துக் கட்டி, தலைப்பாகையாகத் துண்டு சுற்றியிருந்தார்.

"மனை வாங்க வந்தீங்களா?" என்று அந்தம்மாள் கேட்டார்.

"இல்லீங்க. இடத்தைப் பாக்க வந்தோம்."

"பாத்துக்குங்க. மூணு தலைமுறையா நாங்கதான் உழுவுறோம். குத்தகை பதிஞ்சிருக்கு, கோர்ட்டுல தடை வாங்கியிருக்கோம். தை பொறந்தா அறுப்பு."

கம்பெனியின் கையிருப்பில் அந்த நிலம் உண்மையில் இல்லை என்பது அந்த வரப்பில் நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. வந்த வேலை முடிந்தது, போகலாம் என்று பாயிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போது வேலித் தகரத்தைத் தள்ளிக்கொண்டு பொக்லைன் இயந்திரம் வயலுக்குள் இறங்கியது.

அதன் இரும்புக் கை முதல் பிடியிலேயே பயிரைச் சேற்றோடு வாரித் தூக்கிக் கவிழ்த்தது. சங்கிலிப் பட்டையில் சிக்கிய கதிர்கள் நசுங்கி, வெள்ளையாகப் பால் வழிந்ததைப் பார்த்தேன். அந்தம்மாள் வயிற்றில் அறைந்துகொண்டு ஓடினார். கணவர் நேராகப் போய் இயந்திரத்தில் தொற்றி ஏறி, ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினார். சாவியைப் பிடுங்கித் தூர எறிந்தார். இயந்திரம் நின்றது.

ஜீப்பில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். கையில் இரும்புக் குழாய். அவர்கள் ஓடவில்லை, நடந்துதான் வந்தார்கள். முதல் அடி முழங்காலில். அவர் மடங்கி உட்கார்ந்ததும் தோளில், பிறகு தலையில். நெல் அடிக்கிற மாதிரி மாற்றி மாற்றி அடித்தார்கள். துண்டு சிவந்து தலையோடு ஒட்டிக்கொண்டது. குழாய் எலும்பில் படும் சத்தத்தை எந்தச் சத்தத்தோடும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

"விடுங்கப்பா. செத்துருவாரு, விடுங்கப்பா," என்று பாய் குறுக்கே விழுந்தார். அவர் தோளில் ஓர் அடி இறங்கியது. கை தொங்கிவிட்டது. நான் போய் அவரை இழுத்தேன். யாரோ என் விலாவில் உதைத்தார்கள். சேற்றில் முகம் புதைய விழுந்தேன். நிமிர்ந்தபோது, அந்தம்மாளின் கருக்கரிவாள் ஒருவனின் கன்னத்தில் காதிலிருந்து வாய் வரை இழுத்திருந்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அலறினான்.

அதற்குள் ஊருக்குச் சேதி போயிருந்தது. தடியும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கரை வழியாக ஆட்கள் வந்தார்கள். இப்போது ஜீப் ஆட்கள் ஓடினார்கள். கையில் அகப்பட்டவர்களை ஊர்க்காரர்கள் விடவில்லை. தகர வேலி சாய்ந்தது. மாதிரி வீட்டின் திரைச்சீலையில் யாரோ தீ வைத்தார்கள். கட்டிலும் சோபாவும் பிளாஸ்டிக் ஆப்பிளும் கரும்புகையாக எழும்பின. உள்ளேயிருந்து வெளியே ஓடிவந்த விற்பனைக்காரரை அவருடைய டையைப் பிடித்தே தரையில் இழுத்தார்கள். அவர் யாரையும் தொடவில்லை, எனக்குத் தெரியும். அவர் முகத்தில் உதைத்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

அந்தக் கூட்டத்துக்குள் வேன் ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பாயின் மனைவி. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அடிபட்டவங்கள ஏத்துங்க," என்றார்.

குத்தகைக்காரரைத் தூக்கிப் பின்னால் கிடத்தினோம். அந்தம்மாள் ஏறப் போனபோது, பாயின் மனைவி விற்பனைக்காரரைக் காட்டி, "அவரையும்," என்றார்.

"அவன் கம்பெனிக்காரன்," என்று ஒருவர் தடுத்தார்.

"இருக்கட்டும். அவரு அம்மாவும் பெத்துத்தான் போட்டிருக்கா. ஏத்துங்க."

ஏற்றினார்கள். பாயின் மனைவி தன் துப்பட்டியைக் கழற்றி என்னிடம் தந்தார். அதைக் கிழித்து இரண்டு தலைகளுக்கும் கட்டினேன். ஒரே வேனின் தரையில், ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தோடு கலந்து கதவோரம் ஓடியது. குத்தகைக்காரர் தண்ணீர் கேட்டார். அந்தம்மாள் பாட்டில் மூடியில் ஊற்றி வாயில் விட்டார். அது உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக வழிந்தது. ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால், ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில், அவர் மூச்சு நின்றது. பக்கத்தில் கிடந்த விற்பனைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, பெரியவரே," என்று முனகியபடி அழுதார். அந்தம்மாள் அழவில்லை. புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அரிவாள் இருந்த இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போலீசார் அந்தம்மாளைக் கொலை முயற்சி வழக்கில் கைது செய்தார்கள். பேப்பரில் 'இரு தரப்பினர் மோதல்' என்று வந்தது. அப்பா மட்டும் எங்கள் தெருவிலிருந்து பஸ் பிடித்து அந்தச் சாவுக்குப் போய்வந்தார். யார் வீட்டுச் சாவு என்று கேட்டவர்களுக்கு, "நம்ம வீட்டுதுதான்," என்று சொல்லியிருக்கிறார்.

விலாவில் கட்டோடு நான் அலுவலகம் போனேன். அந்தக் கம்பெனியைப் பற்றிய குறிப்பில், 'கையிருப்பாகக் காட்டியிருக்கும் நிலத்தில் குத்தகைதாரர்களின் பயிர் நிற்கிறது. கம்பெனியால் அதை அடித்துத்தான் எடுக்க முடியும். வாங்க வேண்டாம்' என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பங்கு ஏறிக்கிட்டு இருக்கும்மா. அடிதடிக்கும் பங்குக்கும் என்ன சம்பந்தம்? எடுத்துடு."

"நிலம் அவங்ககிட்ட இல்லைங்க சார். இல்லாத நிலத்துக்குத்தான் நாம வெல சொல்லிக்கிட்டு இருக்கோம்."

"ஏறுதா இல்லியா?"

ஏறத்தான் செய்தது. அந்தக் குறிப்பை அவர் எடுத்துவிட்டார். அடுத்த மாதம் நானும் அங்கிருந்து நின்றுவிட்டேன். பிறகு கும்பகோணத்தில் வேறொரு தரகரிடம் சேர்ந்தேன்.

பாயும் நானும் நடந்ததைப் பார்த்தவர்கள் என்று வாக்குமூலம் கொடுத்திருந்தோம். அதற்கான பதிலடி பாயின் கடைக்கு வந்தது. பட்டப்பகலில், கடைவீதி பார்த்திருக்க, கண்ணாடிகளை உடைத்து, புடவைக் கட்டுகளைத் தெருவில் இழுத்துப் போட்டு, அரிவாளால் கொத்தினார்கள். நான் சேதி கேட்டுப் போனபோது பாய் கழுத்தில் தூளி கட்டிய கையோடு, உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கிழிந்த துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாட்சி சொல்ல வேணாம் பாய். எனக்காகப் பாக்காதீங்க," என்றேன்.

"ஒங்களுக்காக இல்ல தங்கச்சி. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தப் பங்கு வாங்குனவன்லாம் எப்படித் தூங்குறான்?" என்றார். பிறகு, "அவனுக்குத் தெரியாது. பாவம்," என்று தானே சொல்லிக்கொண்டார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் ஆட்சி மாறியது. ஜீப்பில் இருந்த கொடி மாறியது, ஆட்கள் மாறவில்லை. நீதிமன்ற வாசலில் எங்களை முறைத்தபடி நிற்பார்கள். ஒருமுறை ஒருவன் என் காதோரம் குனிந்து, பஸ்ஸில் நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்பதைச் சொல்லிவிட்டுப் போனான். அன்று திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆனாலும் அடுத்த வாய்தாவுக்கும் போனேன். பாய் சாட்சி சொன்னார், நானும் சொன்னேன். எங்கள் சாட்சியை அவர்கள் தரப்பு வக்கீல் கிழித்துத் தொங்கவிட்டார். பங்கு வாங்கப் போனவர்களுக்கு வயலில் என்ன வேலை என்று கேட்டார். நீதிமன்றத்தில் சிரித்தார்கள்.

வழக்கைத் திருப்பியது, யாரும் எதிர்பாராமல், விற்பனைக்காரர். ஒரு கண் மங்கி, மூக்கு வளைந்து போயிருந்தவர் கூண்டில் ஏறினார். தன்னை அடித்தவர்களை அடையாளம் காட்டினார். அதோடு நிறுத்தாமல், அன்று காலை ஜீப் ஆட்களுக்குக் கம்பெனி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததைத் தான் கேட்டதாகவும், குழாய்கள் கம்பெனிக் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டவை என்றும் சொன்னார். அவருக்கு அப்போது வேலை போயிருந்தது. சொல்லிவிட்டு இறங்கியவர் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

குழாய் பிடித்த இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உத்தரவு போட்டவர்மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. அந்தம்மாள் தற்காப்புக்காக வெட்டினார் என்று விடுதலையானார். விற்பனைக்காரரை அடித்ததற்காக ஊர்க்காரர் சிலர் சிறைக்குப் போனார்கள். பங்கு பிறகும் சில காலம் ஏறியது. ஒருநாள் சந்தை மொத்தமும் சரிந்தபோது எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் விழுந்தது. அந்தச் சரிவுக்கும் செத்துப்போனவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் பாயின் மனைவி அந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்," என்று அழைத்தார்.

"இன்னொரு நாளைக்கு வரேம்மா. ஆத்துல தண்ணி வந்துடுச்சி. நம்ம வயலுக்கு நாத்துப் பறிக்க ஆள் சொல்லியிருக்கேன், போவலன்னா வேற வயலுக்குப் போயிடுவாங்க," என்று சொல்லிவிட்டு, அந்தம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார்.