கடதாசியில் பன்னிரண்டு வயது

என் மகளின் வயதில் மூன்று வருடத்தைக் களவெடுத்தவன் நான்தான். அவள் செத்து இத்தனை காலமாகியும், யாராவது ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டால் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுகிறேன்.

அவள் மனைவியின் ஊரில் வீட்டிலேயே பிறந்தவள். பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டோம். துறைமுகக் கந்தோருக்கு எனக்கு வேலை மாற்றம் கிடைத்து, ஓர்ஸ் ஹில் என்ற இடத்துக்குக் குடிவந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் வயதுப் பத்திரம் கேட்டார்கள். வயதைக் குறைத்துப் போட்டால் பிற்காலத்தில் சோதனை எழுத வயது கூடிப்போகாது, அரசாங்க உத்தியோகத்தில் அதிக காலம் இருக்கலாம். கந்தோரில் பலரும் செய்ததுதான். எட்டு வயதுக்காரியை ஐந்து என்று எழுதுவித்தேன். ஆள் கட்டை, நம்பினார்கள். பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு!

பதினைந்தாவது வயதில் கழுத்தில் ஒரு கட்டி. நோகவில்லை. மனைவி மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்தாள். கரையவில்லை. கொழும்புக்குக் கொண்டு போனோம். ஹொட்ஜ்கின் என்றார்கள், ஒரு வகைப் புற்றுநோய். தமிழ் டாக்குத்தர், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வயதுப் பத்திரத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டுதானே? நல்லது. சின்ன வயசில பிடிபட்டா அநேகமாச் சுகமாகும். பதினைஞ்சு, பதினாறில வாற பிள்ளையளுக்குத்தான் எங்களுக்குப் பயம் கூட."

ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மனைவி சிரித்தாள். பெற்றவளே உண்மை வயதை மறந்து கடதாசியை நம்பினாள்! நான் பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை போனபோது பொறுக்க முடியவில்லை. மகளை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். டாக்குத்தர் பேனையைக் கீழே வைத்தார்.

"மருந்தை உடம்பின்ர அளவுக்குத்தான் குடுக்கிறம், அது மாறாது. ஆனா நான் உங்களுக்குச் சொன்ன நம்பிக்கையை அவ்வளவு துணிஞ்சு இப்ப சொல்ல ஏலாது."

வெளியே வந்தேன். மருந்தால் அவளுக்குத் தலைமயிர் கொட்டியிருந்தது. என் முகத்தையே பார்த்தாள்.

"என்னப்பா, என்ர சரியான வயசைச் சொல்லிப்போட்டீங்களோ?"

"ஓம் பிள்ளை."

அதுவரை ஊசிக்குக்கூட அழாதவள், அந்த வாங்கில் இருந்து விம்மி விம்மி அழுதாள்.

"ஐயோ அப்பா, ஏன் சொன்னனீங்கள்? பன்னிரண்டெண்டே இருந்திருப்பனே."