ஜெய்ப்பூர்ப் பட்டியல்

பூங்கோதையை யாராவது பொறுமைசாலி என்று புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயர் வாங்கியவள் தலையில்தான் எல்லாரும் மிளகாய் அரைப்பார்கள். டில்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் சேர்ந்தவள், பத்தொன்பது வருஷத்தில் முந்நூறு அறைகளுக்கும் பொறுப்பாளர் ஆனாள். நான் அம்பிகா, அவளுக்குக் கீழே ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறவள்.

முன்பு ஒருமுறை அவளை விருந்துப் பிரிவுக்கு மேனேஜராகக் கூப்பிட்டார்கள். கல்யாண சீசனில் வீட்டை மறந்துவிட வேண்டிய வேலை. மகள் கவிப்ரியாவுக்கு அப்போது மூன்று வயது. பூங்கோதை வேண்டாம் என்றாள். அந்த இடத்துக்குப் போன பிரதீப் இன்று சண்டிகரில் ஜெனரல் மேனேஜர். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொன்னது அவள் வாய்.

போன கார்த்திகையில் ஜெய்ப்பூரில் எங்கள் புது ஹோட்டலுக்கு ஜெனரல் மேனேஜர் தேடினார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் தகுதியானவர்கள் பெயர் திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பெயரும் ஏறாது. எங்கள் ஹோட்டலிலிருந்து முதல் பெயர் பூங்கோதையுடையது என்று லிஃப்ட் பையனுக்குக்கூடத் தெரியும். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு ஒரு கையெழுத்துக்காக ஜெனரல் மேனேஜர் கிருஷ்ணபிரசாத்தின் அறைக்குப் போனேன். மேஜைமேல் பட்டியல் கிடந்தது. மூன்று பெயர்கள், மூன்றும் ஆண்கள். ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். எழுந்து நேராக அவர் அறைக்கு நடந்தாள். கையெழுத்து வாங்காத காகிதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

கிருஷ்ணபிரசாத் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. டில்லியிலேயே, கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர், பூங்கோதையைத் தங்கை மாதிரி நடத்துகிறவர். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டாள்.

"குழந்தைக்குப் பன்னிரண்டாவது பரீட்சை வரதேம்மா. உன் நல்லதுக்குத்தான். உங்காத்துக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுண்டேன்."

கந்த சஷ்டியன்று மலை மந்திர் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது கேட்டாராம். இந்த வருஷம் சிரமம்தான் சார் என்று அவள் கணவர் கதிரவன் சொன்னாராம். ஆளுக்கொரு தொன்னைப் பொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்களும் அவளுடைய பத்தொன்பது வருஷத்தை முடித்துவிட்டார்கள். அன்று அவளும் பத்தடி தள்ளிப் பெண்கள் வரிசையில்தான் நின்றிருந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால். அவள் அதைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னைக் கேக்கலையே சார்?"

"கேட்டா நீ சரின்னுடுவே. அப்புறம் கஷ்டப்படுவே."

"அப்ப நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதையே எழுதுங்க சார்."

எதற்கும் கதிரவனிடம் இன்னொரு முறை பேசிவிடலாமே என்று அவர் போனை எடுக்கப் போனார். பூங்கோதை போன்மேல் கையை வைத்தாள். கடிகார முள் ஐந்தை நெருங்க நெருங்க அவர் அவளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நிமிஷம் மிச்சமிருக்கும்போது நாலாவதாக அவள் பெயரை அடித்து அனுப்பினார்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருக்கிறது என்றாள். கவிப்ரியா மதிப்பெண் குறைந்தால் ஆயுசுக்கும் இதைச் சொல்லியே குத்துவார்கள் என்றாள். வேண்டாம் என்றால் இப்போதுகூட எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

டில்லி துவாரகா பகுதியில் இருக்கும் அவள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே கிருஷ்ணபிரசாத்தின் போன் போய்ச் சேர்ந்திருக்கிறது. செருப்பைக் கழற்றுவதற்குள் கதிரவன் வாசலுக்கே வந்து கேட்டாராம்:

"இவ்வளவு பெரிய முடிவு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அதையேதான் நானும் உங்ககிட்டக் கேக்க வந்தேன்."