புரட்டாசிச் சனிக்கிழமையும் மலேரியா மாத்திரையும்

பெருநகர் கிராமத்தில் சசிரேகாவைக் கண்டால் காய்ச்சல்காரர்கள் தாமாகவே வாயைத் திறந்துவிடுவார்கள். பயம்தான், வேறென்ன! சுகாதாரத் துறையில் கொசு ஒழிப்பு வேலை அவளுக்கு. காலையில் டார்ச்சும் கையுமாகக் கிளம்பினால் கிணறு, தொட்டி, மொட்டைமாடி டேங்க் என்று ஒன்றையும் விடமாட்டாள். மூடாத டிரம் கண்ணில் பட்டதோ, அந்த வீட்டுக்காரர் தொலைந்தார். காய்ச்சல் என்றால் விரலில் குத்தி ரத்தம் எடுப்பாள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிற பேச்சே கிடையாது. எதிரிலேயே விழுங்கவைத்து, "ஆ காட்டு" என்று நாக்குக்கு அடியிலும் பார்ப்பாள். ஊர்த் தலைவரே ஆ காட்டியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2030க்குள் மலேரியாவை நாட்டைவிட்டே துரத்துவது என்று அரசாங்கம் கெடு வைத்திருக்கிறது. எத்தனையோ நாடுகள் துரத்தியும் காட்டிவிட்டன. "அவங்களால முடியுது, நம்மளால முடியாதா? என் ஏரியாவுல ஒரு கேஸ் வராது" என்று ஆபீஸ் கூட்டத்தில் சவால் விட்டுவிட்டு வந்தாள். வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது. அதுவும் சொந்த வீட்டில்!

அவள் கணவன் தாமோதரனுக்குப் போர்வெல் வண்டியில் வேலை. சத்தீஸ்கர் காட்டுப் பக்கம் மாதக்கணக்கில் குழாய் இறக்கிவிட்டு ஊர் திரும்பியவன், இரண்டு கம்பளி போர்த்தியும் பல் அடித்துக்கொள்ள நடுங்கினான். சசிரேகாதான் விரலில் குத்தினாள். மலேரியா என்று முடிவு வந்தபோது அவளுக்கு ஊரும் நினைவில்லை, சவாலும் நினைவில்லை. மனுஷன் பிழைத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதவி பொறுமையாகச் சொன்னார். "காய்ச்சல் மூணு நாள்ல விட்டுடும். ஆனா கிருமி ஈரல்ல ஒளிஞ்சுக்கும். அதுக்குத்தான் இந்த மாத்திரை, ரெண்டு வாரம். வெறும் வயித்துல போடக் கூடாது. நடுவுல விட்டா மறுபடி காய்ச்சல் வரும், அப்ப இவரைக் கடிக்கிற கொசு பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோயிடும்."

சொன்ன மாதிரியே காய்ச்சல் விட்டது. தினமும் நாலு இட்லி, மாத்திரை, ஆ. எல்லாம் ஒழுங்காக நடந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைதான் வில்லங்கம். அன்று அந்த வீட்டில் படையலுக்கு முன்னால் அடுப்பு எரியாது. அதிலும் இந்த வருடம் சசிரேகா பொழுது சாய்கிறவரை தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று விரதம். விடிந்ததும் வேலைக்குக் கிளம்பியவள், "கடையில நாஷ்டா துன்னுட்டு மாத்திரை போட்டுக்கோ, இன்னா?" என்றாள். "சரி மே" என்றான். அவளும் நம்பினாள். ஊரையே சந்தேகப்படுகிறவள் அங்கேதான் கோட்டை விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டார்ச்சை மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்தாள். தாமோதரன் கொல்லையில் வாழை மரத்தடியில் நின்றிருந்தான்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டுக்கினேனே."

"ஆ காட்டு."

"இன்னா சசி, என்கிட்டயேவா?"

"காட்டுயா!"

காட்டினான். வாயில் ஒன்றும் இல்லை. வாழையடிச் சேற்றில் மாத்திரை பல்லை இளித்தது.

"இது இன்னாது? வாழ மரத்துக்கா மலேரியா வந்துகீது?"

அவன் தலையைச் சொறிந்தான். "போன வாரம் வெறும் வயித்துல போட்டேன். கொடலப் புடுங்கினு வாந்தி வந்துச்சு. அதான்..."

"கடைக்குப் போய்த் துன்றதுக்கு இன்னா கேடு?"

"ரெண்டு வாரமும் போனேன். இட்லிய வாங்கிக்கினு உக்காந்தும் பார்த்தேன். நீ பட்டினியா வெயில்ல சுத்திக்கினு கீறேன்னு நெனப்பு வந்துடுச்சு. எறங்கல சசி. எழுந்து வந்துட்டேன்."

சசிரேகா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா! அந்தப் பட்டினியே உனக்காகத்தான்யா! உனக்குக் காய்ச்சல் திரும்பக் கூடாதுன்னு பெருமாளுக்கு வேண்டிக்கினு கெடக்கறேன். நீ அதையே காட்டி மாத்திரைய வீசுறியா?"

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டாள். "என் வூட்லயே தப்பு நடந்துபோச்சு டாக்டர்" என்று சொல்லும்போது மானம் போயிற்று. போகட்டும். விட்ட நாட்களையும் சேர்த்துப் போட்டு முடிக்கலாம், இன்றைக்கே சாப்பிட்டுத் தொடரட்டும் என்றார் அவர். அப்படியே முடித்து, பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை என்றே வந்தது. அது பின்னால் நடந்தது.

அன்றைக்குப் போனை வைத்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஐயோ, படையல் போடாம அடுப்பா?" என்று பதறினான் தாமோதரன்.

"பெருமாள் கேட்டா நான் பேசிக்கறேன். நீ உக்காரு."

உப்புமா ஆவி பறக்க அவன் முன்னால் வந்தது. அவன் கை வைக்கவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ துன்னாத்தான் எனக்கு எறங்கும்."

முறைத்தாள். அவன் அசைகிறவனாக இல்லை. மாத்திரையும் தண்ணீரும் பக்கத்தில் காத்திருந்தன. சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சப்பணம் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்து, முதல் வாயை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு நீ வேணும்யா. துன்னு."