அண்ணன் போட்ட கோடாலிக் காம்பு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று அவருடைய படத்துக்குப் பூ வைக்க வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரே தங்கையான என் வணக்கம். அண்ணனின் பொறுமையைப் பற்றி எழுதும்படி பலரும் சொன்னார்கள். அண்ணன் பொறுமைசாலி அல்லர். லெவல் கிராஸிங்கில் அவரோடு லாரியில் இருந்தவர்களுக்கு அது தெரியும். நான் நேரில் பார்த்து மலைத்துப்போன ஒன்றை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது நெய்க்காரப்பட்டியில். அவர் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். படிப்பை விட்டுக் காய்கறி லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஓட்டுநரானார், சொந்த லாரி வாங்கினார், என்னைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார். நாகல் நகரில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, ஐம்பது வயதை நெருங்கும்போது, கண் நீர் அழுத்த நோய் வந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இரண்டு கண்களும் போயின.

லாரியை விற்றார். முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுவார். "அண்ணே, செத்த வெளிய போயிட்டு வருவமா?" என்று கேட்டால், "எதப் பாக்கப் போறேன் பாப்பா?" என்பார்.

அந்தச் சமயத்தில் ஊரில் பழைய வீட்டை இடித்தார்கள். பரணில் கிடந்த அப்பாவின் கோடாலியைச் சித்தப்பா மகன் எங்களிடம் கொண்டுவந்தான். காம்பைக் கரையான் தின்றிருந்தது; இரும்பு துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று அண்ணி அதை வாசலில் வைத்தார். சிமெண்டுத் தரையில் அது பட்ட ஓசை உள்ளே கேட்டது.

"என்ன அது? இங்க கொண்டா" என்றார் அண்ணன்.

கையில் வாங்கித் தடவினார். கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொல்லி, நகத்தால் சுண்டிக் காதை அருகில் வைத்துக் கேட்டார். "விரிசல் இல்ல. நல்ல எஃகு. இதுக்குக் காம்பு போடணும்."

புளியைக் கரைத்து ஊற வைத்தார். செங்கல் பொடியும் தேங்காய் நாரும் கொண்டு நாள்கணக்கில் தேய்த்தார். துரு எங்கே மிச்சமிருக்கிறது என்று எங்களை அவர் கேட்கவேயில்லை. நாக்கின் நுனியால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தார். காம்புக்காகக் காய்ந்த கருவேலங் கட்டைகள் வந்தன. ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்து உருட்டி, நார் நேராக ஓடிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

செதுக்கும்போதுதான் வினை வந்தது. வாச்சி நழுவி இடது கை விரலைக் கிழித்துவிட்டது. அண்ணி ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டார். பிறகு கருவிகளை எல்லாம் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தார்.

"கண்ணுதான் இல்ல, கையையும் வெட்டிக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று அழுதார்.

"கண்ணுதான போச்சு? கையையும் மூட்ட கட்டி வச்சிரச் சொல்றியா?" என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் நான் போனபோது, கட்டையின் ஒரு முனையைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். மறுமுனையை அண்ணன் செதுக்கிக்கொண்டிருந்தார். வாச்சி விழும் ஒவ்வொரு முறையும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டதையும் பார்த்தேன்.

உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கி, வேப்பெண்ணெய் தடவி, கோடாலியில் நுழைத்து ஆப்பு அடித்தார். தலை கோணியிருக்கிறதா என்று நாம் கண்ணால் பார்ப்போம். அண்ணன் காம்பின் மேல் நூல் பிடித்து, இரண்டு பக்கமும் விரலால் அளந்து சரி செய்தார்.

பிறகு, விறகு பிளக்க வேண்டும் என்றார். அண்ணி கொல்லையில் ஒரு புளியங்கட்டையை நிறுத்தினார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. யாரும் பேசாதீங்க."

கட்டையின் தலையை உள்ளங்கையால் தடவினார். கோடாலியை அதன் நடுவில் வைத்து எடுத்து, காலை அகட்டி நின்று ஓங்கினார். முதல் வெட்டு மண்ணில் இறங்கியது. மறுபடியும் தடவினார், ஓங்கினார். கட்டை இரண்டாகப் பிளந்து பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தது. அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. எனக்கு அவரைத் தொடக்கூடப் பயமாக இருந்தது, கோயிலுக்குள் நிற்பது போல.

அதன்பின் அக்கம்பக்கத்தார் காம்பு போடச் சொல்லி மம்பட்டியும் களைக்கொத்தும் கொண்டுவந்தார்கள். வெளியூரிலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். கடைசி நாள்வரை அண்ணன் கை சும்மா இருந்ததில்லை. நெஞ்சுவலி வந்த அன்று காலையிலும் ஒரு காம்புக்கு எண்ணெய் தடவி முடித்திருந்தார்.

மருத்துவமனையில் இரவு பகலாகக் கூட இருந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கேட்காமலே கட்டை கொடுத்துவந்த மரக்கடைக்காரருக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்கு அடுப்பு மூட்டவிடாமல் சோறு ஆக்கிப்போட்ட தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வயதும் இல்லை, வார்த்தையும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் ஒருவர், செய்யச் சொல்லியிருந்த காம்பை வாங்கிப்போக வந்தார். செய்தியைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணி அந்தக் காம்பை எடுத்துவந்து கொடுத்தார்.

"கடைசியா அவரு செஞ்சது இதுதாங்க. கண்ணு தெரியாமலே எம்புட்டு நேர்த்தியா செஞ்சிருக்காரு பாருங்க."

"ஏனுங்க, யாருக்குங்க கண்ணு தெரியாது?"

"அவருக்குத்தாங்க. ரெண்டு கண்ணும் போயிருச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

"நா நாலஞ்சு வாட்டி வந்திருக்கனுங்க. எம் மூஞ்சியப் பாத்துத்தானுங்க பேசுவாரு."

அவர் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அண்ணனின் படத்துக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார்.