அரைமணி கரண்ட் கட்டும் பாஸ்தா சாஸும்

சிங்கப்பூரில் மூன்று மாதம் வேலை பார்த்துத் திரும்பிய என் கணவர், கரண்டில் மெல்ல வேகவைக்கும் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கி வந்தார். "எட்டு மணி நேரம் மெல்ல வெந்தால்தான் அது பாஸ்தா சாஸ். உன் அவசரத்துக்கெல்லாம் வராது" என்றார். தக்காளி, பூண்டு, மருந்துக்கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெய் எல்லாம் போட்டுப் பட்டனை அழுத்தினார். இருவரும் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் இருக்கும் ஆபீஸுக்குக் கிளம்பினோம்.

திருவனந்தபுரத்தில் அரைமணி கரண்ட் போவதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அன்றும் காலை ஒன்பது மணிக்குப் போய் வந்ததாம். ஆனால் அந்த மெஷின், மறுபடி யாராவது பட்டனை அழுத்தினால்தான் ஓடுமாம். பகல் முழுக்கச் சும்மா கிடந்திருக்கிறது.

சாயங்காலம் திறந்தால் ஒரே நுரை. "இத்தாலியில் இப்படித்தான் இருக்கும்" என்றார், இத்தாலியை மேப்பில் மட்டுமே பார்த்த மேதை. ஸ்பூனை வாய்வரை கொண்டுபோன எங்கள் ஏழு வயது மகள், "அய்யே, கள்ளுஷாப் மணம்!" என்று மூக்கைப் பொத்தினாள். அவள் தட்டைப் பிடுங்கிக் கொட்டினேன். அவரோ கௌரவத்துக்காக இரண்டு கரண்டி தின்றார். மறுநாள் முழுக்க பாத்ரூமை விட்டு வரவில்லை.

இப்போதெல்லாம் கேஸில் இருபது நிமிஷத்தில் தக்காளித் தொக்கு கிளறி, பாஸ்தாவில் போட்டுவிடுகிறேன். "எட்டு மணி நேரம் வெந்தது" என்று அவரும் நம்பி, விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்கிறார். அந்த ஸ்லோ குக்கரை நான் வெங்காயக் கூடையாக்கி வைத்திருப்பது அவருக்கு இன்னும் தெரியாது.