கியரா, காத்தாடியா

இன்ஜின் வேலையில் நான் யார் பேச்சையும் கேட்கமாட்டேன் என்று எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. படவேட்டிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் என் பட்டறை. பின்னால் வீடு, முன்னால் பட்டறை, வாசலில் பஸ் நிற்கும். பம்புசெட், பவர் டில்லர் என்று எது வந்தாலும் முதலில் கொண்டுவந்தவரைத் திட்டுவேன். அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பேன். ஆயில் மாற்றாமல் ஓட்டியிருப்பார்கள். திட்டினால்தான் அடுத்த தடவையாவது மாற்றுவார்கள். இருபத்தைந்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது. ஒரே ஒரு தடவை, சரியில்லை என்று தெரிந்தே ஒரு வேலையைச் செய்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலை மடிப்பில் ஓர் அணை இருக்கிறது. அதன் அந்தக் கரையில் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, புளி உலுக்கிப் பிழைக்கிற ஒரு சின்ன ஊர். தண்ணீர் ஏறிவிட்டால் அவர்களுடைய பாதை முழுகிவிடும். சுற்றிக்கொண்டு காட்டு வழியில் நடந்தால் அரை நாள் ஆகும். ஒரு பரிசல் உண்டு. காற்று அடித்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் ஊர்ப் பொதுவில் ஒரு படகு வாங்கியிருந்தார்கள். கடற்கரைப் பக்கம் மீன்பிடிக்க ஓடி ஓய்ந்த ஃபைபர் படகு. உள்ளே டீசல் இன்ஜின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஷாஃப்ட், ஷாஃப்ட் நுனியில் ப்ரொபெல்லர். அந்த ஊரில் ப்ரொபெல்லரைக் காத்தாடி என்பார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

படகை ஓட்டியவர் அந்த ஊர்க்காரர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், அதிகம் பேசாதவர். போன வருஷம் ஆவணியில் பட்டறைக்கு வந்து நின்றார்.

"அண்ணா, இன்ஜின் கத்துது. படகு நவுர மாட்டேங்குது. ஒருவாட்டி வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் மூட்டையோடு ஏறியிருந்தார்கள். இன்ஜின் உச்சக் குரலில் கத்தியது. பின்னால் நுரை மட்டும் பொங்கியது. படகு கல்யாணப் பெண் மாதிரி நடந்தது. எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கடலில் வலையோடு இரண்டு பேர் போன படகு அது. இங்கே ஓர் ஊரையே சுமக்கிறது. காத்தாடி சின்னது, அது சுற்றுகிற வேகமோ அதிகம். தண்ணீரைப் பிடித்துத் தள்ளாமல் கிழித்துக்கொண்டிருந்தது.

கரையில் இறங்கியதும் அவருக்கு விளக்கினேன். பக்கத்தில் புங்கமரத்தடியில் அவர் மனைவி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். கணவருக்குச் சோறு கொண்டுவந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அதைப் பார்த்தும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

"இப்ப இன்ஜின் ரெண்டு சுத்து சுத்துனா ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்துது. உங்க பாரத்துக்கு அது ஆவாது. மூணு சுத்துக்கு ஒரு சுத்துன்னு கியர மாத்தணும். அப்பதான் பெரிய காத்தாடி போட்டா இன்ஜின் தாங்கும்."

"கியர வுட்டுட்டு, காத்தாடிய மட்டும் பெருசா போட்டா?"

"போடலாம். படகு போவும். ஆனா இன்ஜினுக்கு மூச்சு முட்டும். கரும்பொகையா கக்கினு சீக்கிரமே கைய விரிச்சிடும்."

அவர் தலையை ஆட்டினார். விளங்கியதா இல்லையா என்று தெரியவில்லை. மரத்தடியிலிருந்து அந்த அம்மாதான் சொன்னார்:

"களி கிண்டற மாதிரிதானங்கண்ணா? பெரிய துடுப்ப போட்டு வேகமா கிண்டுனா கை போய்டும். பெரிய துடுப்புன்னா மெதுவா, அழுத்தித்தான் கிண்டணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் கியர் கணக்கை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டவர் யாரும் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு என் பட்டறைக்கு வந்தவர்களுக்கே இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

"எத்தினி நாளாவும்ணா?" என்று கணவர் கேட்டார்.

"பாக்ஸக் கழட்டி மெட்ராஸுக்கு அனுப்பணும். இன்ஜின் உக்கார்ற மேடையையும் மாத்தணும். மூணு வாரம் வெச்சிக்கோ."

அவர் முகம் செத்துப்போயிற்று. "மூணு வாரம்லாம் ஆவாதுண்ணா. காத்தாடியே போட்டுக் குடுத்துடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாய்யா பேசற? தெரிஞ்சே ஒரு இன்ஜின சாவடிக்கச் சொல்றியா? அதுக்கு வேற ஆளப் பாரு" என்று கத்தினேன். கரையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணா சொல்றதுதான் சரி" என்றார் அந்த அம்மா. "கியரையே மாத்திடுங்கண்ணா. ஊரு படகு. நமக்காகப் பாழாக்கக் கூடாது."

"நீ சும்மா இரு" என்று அவரை அடக்கிவிட்டு, கணவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். விடிவதற்குள் படகில் ஏறி, கரையிலிருந்து ஆட்டோ பிடித்து, என் பட்டறை வாசலில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கண்ணமங்கலம், கணியம்பாடி தாண்டிப் போய்ச் சேர வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். படகு ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுப்பதால் அந்த மாதத்தில் இரண்டு தடவை தவறிவிட்டது.

"மூணு வாரம்னா ஆறு வாட்டிண்ணா. ஆறு வாட்டி போவலன்னா அவ இருக்க மாட்டா" என்றார். அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கியரா, காத்தாடியா? ஒன்று இன்ஜினுக்கு நல்லது, இன்னொன்று அந்த அம்மாவுக்கு. என் மூளை இந்த இரண்டுக்கும் நடுவிலேயே போய்ப் போய் வந்தது. கடைசியில், "சரி, காத்தாடியே போடறேன்" என்றேன். திரும்பி வரும்போது அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் திரும்பி வந்ததும் படகைக் கரையேற்றினேன். வெள்ளிக்குள் அது தண்ணீரில் இருக்க வேண்டும். பெரிய காத்தாடியை மாட்டிவிட்டு, இறக்கைக்கும் படகின் அடிக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் இடைவெளி வேண்டும், மூன்றுதான் இருந்தது. அதற்கும் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு படகைத் தண்ணீரில் இறக்கி, தடித்த கயிற்றால் கரைப் புளியமரத்தோடு கட்டி, இன்ஜினை முழுசாக முடுக்கிப் பார்த்தேன். கயிறு விறைத்துக்கொண்டது. நல்ல இழுவை. ஆனால் சொன்னபடியே கரும்புகை வந்தது. லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புகை நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு மேல் லீவர் போகாதபடி ஒரு கம்பியை முறுக்கிக் கட்டினேன்.

"இந்தக் கம்பியத் தாண்டாத. இதுக்குள்ள ஓட்டுனா இன்ஜின் பொழைக்கும். தாண்டுனேன்னு தெரிஞ்சா இந்தப் பக்கம் காலே வெக்க மாட்டேன்."

"தாண்ட மாட்டேண்ணா."

தாண்டவில்லை. ஒரு மணிக்கு மேல் இழுத்த படகு நாற்பது நிமிஷத்தில் கரை சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும்கூட ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி தவறவில்லை. நான் மாதம் ஒரு தடவை போய்ப் புகையைப் பார்ப்பேன், கம்பியைத் தொட்டுப் பார்ப்பேன். வேலூரிலிருந்து திரும்பும்போது ஆட்டோ வரும்வரை இருவரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பார்கள். என் மனைவி மோர் கொண்டுவந்தால் அந்த அம்மா கையெடுத்து மறுத்துவிடுவார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவருக்கு அளவு. ஃபேனுக்கு அடியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒரு தடவை, "இன்ஜின் எப்டி இருக்குதுங்கண்ணா?" என்று என்னைக் கேட்டார். தன் உடம்பைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

மாசியில் ஒரு வியாழக்கிழமை காலை அந்த ஊரிலிருந்து யாரோ போன் செய்தார்கள். படகு இந்தக் கரையில் நிற்கிறது, இன்ஜின் எடுக்கவில்லை என்றார்கள். போனேன். படகின் பின்பக்கமெல்லாம் கரி. இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. லீவரைப் பார்த்தேன். கம்பி அறுந்து கீழே கிடந்தது. தானாக அறுந்ததில்லை, குறடு வைத்து வெட்டியது. படகில் ஆள் இல்லை. உடனே அவருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவரைப் பேசவிடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஊர் சொத்தை நாசம் செய்துவிட்டாய், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத் தெரியாதவன் என்றேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"கம்பிய வெட்டுனது நீதான?"

"நான்தாண்ணா."

"எதுக்குய்யா வெட்டுன?"

"நேத்து காலைலயே அவளால மூச்சு வுட முடிலண்ணா. வெள்ளி வரிக்கும் தாங்காதுன்னு இட்டுனு வந்துட்டேன். கரைக்கு வந்ததும் இன்ஜின் நின்னுடுச்சி."

"இப்ப அம்மாவுக்கு எப்டி இருக்கு?"

"முடிஞ்சிடுச்சிண்ணா. வண்டில கொண்டாந்துனு இருக்கோம்."

போனைக் காதில் வைத்தபடியே படகில் உட்கார்ந்துவிட்டேன். என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் வந்து சேரும்போது இந்தப் படகு ஓட வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. பட்டறைக்கு ஓடிக் கேஸ்கெட்டை எடுத்து வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. அன்று நட்டு இரண்டு தடவை கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. மூன்று மணிக்கு இன்ஜின் எடுத்தது. அவரை ஓட்டவிடாமல் நானே ஓட்டினேன். அந்த அம்மாவை நடுவில் கிடத்தியிருந்தார்கள். கம்பி இல்லாத லீவரைக் கம்பி இருந்த இடத்துக்கும் கீழேயே பிடித்துக்கொண்டு போனேன். அன்று அக்கரை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

பங்குனியில் தண்ணீர் வடிந்து பழைய பாதை வெளியே தெரிந்தது. படகு இல்லாமலும் ஊர் சமாளிக்கும். காரியம் முடிந்து சில நாளில், மொட்டையடித்த தலையோடு அவர் பட்டறைக்கு வந்தார். போனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இப்ப அவசரம் இல்லீங்கண்ணா. மூணு வாரம் ஆனாலும் ஆவட்டும். அவ சொன்ன மாதிரியே கியர மாத்திடுங்க."

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றி டெம்போவில் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். ஒரு கை கூட இருந்தால் எனக்கு உதவி என்று அவரும் தங்கள் ஊரிலிருந்து தினம் வந்து போவதாகச் சொன்னார். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, "இன்னாத்துக்கு தெனம் அம்மாந்தூரம் நடக்கறீங்க? மூணு வாரமும் இங்கியே இருந்துடுங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்த பையை வாங்கி முன்னறை மூலையில் வைத்தார்.

அவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அந்த அம்மா சாய்ந்து உட்காருகிற சுவரோரமாக, அதே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"வூடு தாராளமா இருக்குதுங்கக்கா" என்றார் என் மனைவியிடம்.

குறையாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. ஆவணியில் அந்தக் கரையில் நின்று கியரா, காத்தாடியா என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே, கியர் மாற்ற ஆகிற அந்த மூன்று வாரமும் அவர்கள் இருவரும் தங்க இந்த அறை சும்மாதான் கிடந்தது. பட்டறைக்கு வந்து கியர்பாக்ஸின் முன்னால் குந்தினேன். வேலூர் போகிற பஸ் வாசலில் வந்து நின்று, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று.