குழாயின் வாய்

எங்கள் குப்பத்துக்கு முதல் கேஸ் கீசர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் அப்பா பழசாக வாங்கியது. புகை போகக் குளியலறைச் சுவரைத் துளைத்துத் தகரக் குழாய் விட்டார்கள். எனக்கு எட்டு வயது. வெந்நீர் கொட்டுகிற பெருமையில் பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஐப்பசி மழையில் அந்தத் தகரக் குழாயின் வளைவிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மாவின் தம்பியான மாமாவைக் கூப்பிட்டார்கள். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். ஓட்டையென்று எதைக் காட்டினாலும் உற்சாகமாகிவிடுவார்.

"தண்ணி எப்பவும் வெளியேர்ந்துதான்க்கா உள்ள பூரும். போட்டுல தெனிக்கும் இத்தத்தான பாத்துகினு கீறோம்" என்றார். ஏணியில் ஏறி, வெளியே நீட்டியிருந்த குழாயின் வாயை ஃபைபரும் ரெசினும் வைத்து அடைத்தார்.

மறுநாள் எங்களோடு இருந்த சித்திக்குப் பூ வைக்கத் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சித்தி கதவைத் தாழிட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் பதில் இல்லை. கதவை உடைத்து, ஈரத்துணியோடு, கைகால் வெட்டி இழுக்க, அத்தனை பேர் முன்னால் தூக்கி வந்தார்கள்.

"பொண்ணுக்கு வலிப்பு கீதா? சொல்லவே இல்லியே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பூத்தட்டு வந்த காரிலேயே திரும்பிப் போனது. ஆஸ்பத்திரியில் யாரும் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. மாமாவும் கூடத்தான் இருந்தார்.

சித்தி பிழைத்துக்கொண்டாள். வலிப்பு என்ற சொல் நிலைத்துவிட்டது. அப்புறம் வந்த வரன்களும் அதைக் கேட்டே திரும்பின. "சின்னதுலேர்ந்தே அவளுக்கு ஒடம்பு வீக்கு" என்று மாமாவே சொல்ல ஆரம்பித்தார். இன்றுவரை அவளைத் தாழ் போட்டுக் குளிக்க விடுவதில்லை.

போன வருஷம் சிறுசேரியில் என் ஃபிளாட்டுக்கு கீசர் மாட்ட வந்தவர் சொன்னார்: "எரியிற கேஸோட ஆவிதான் மேடம் குழாய்ல குளுந்து தண்ணியா திரும்புது. வெளிப்பக்கம் சாய்ச்சி வுட்டா சரியாயிடும். வாய மட்டும் அடைச்சிடாதீங்க, வெசப் பொகை உள்ளயே நின்னு குளிக்கிறவங்க உயிர் பூடும்."

சித்தி விழுந்த அன்று சாயங்காலம், எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருக்க, மாமா மட்டும் வீட்டுக்கு வந்தார். ஏணியில் ஏறி, கத்தியால் அந்த ஒட்டைச் சுரண்டி எடுத்து, லுங்கி மடிப்பில் சுற்றிக்கொண்டார்.

"மறுபடி ஒழுவுமே மாமா?"

"ஒழுவனா ஒழுவட்டும். நீ யார் கிட்டயும் சொல்லாத, இன்னா?"

நானும் சொல்லவில்லை. அவ்வளவு பாடுபட்டு ஒட்டியது வீணாகிவிட்டதே என்று, மாமாவுக்காகத்தான் அன்று வருத்தப்பட்டேன்.